தடுப்பூசி பற்றித் தாயிடம் பேசத் தெரிகிறதா? மாணவர்களை மதிப்பிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறையிலும் செவிலியர் கல்லூரிகளிலும் தடுப்பூசி உரையாடலுக்குத் தேர்வு வைக்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் எல்லாம் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தின் புதன்கிழமைத் தடுப்பூசி நாளை வைத்து எழுதியவை.

1. அட்டவணை தெரியுமான்னு தியரியிலயும் வைவாவிலயும் கேட்டுடறோமே, பேசறதுக்குன்னு தனியா தேர்வு எதுக்கு?

அட்டவணை தெரிந்திருப்பதும் அதை ஒரு தாய்க்குப் புரியவைப்பதும் வேறு வேறு திறமை. வாய்மொழித் தேர்வான வைவாவில் "தாய் மறுத்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டால் "கவுன்சலிங் கொடுப்பேன் சார்" என்று பதில் வரும். அந்தக் கவுன்சலிங் எப்படி இருக்கும் என்பது அந்தப் பதிலில் தெரியாது.

மருத்துவத் திறமைக்கு ஜார்ஜ் மில்லர் 1990-இல் நான்கு படிகளைச் சொன்னார்: தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்துகாட்ட முடியும், அன்றாடப் பணியில் செய்கிறார். எழுத்துத் தேர்வும் வைவாவும் இரண்டாம் படியோடு நின்றுவிடுகின்றன. மூன்றாம் படிக்குத்தான் ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வு இருக்கிறது. டண்டீ பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஹார்டனும் அவர் குழுவினரும் 1975-இல் எழுதிவைத்த முறை அது: மாணவர்கள் ஒவ்வொரு ஸ்டேஷனாக (தேர்வு நடக்கும் இடமாக)ச் சுற்றி வருவார்கள், எல்லோருக்கும் ஒரே பணி, ஒரே நேரம், ஒரே மார்க் தாள். நான்காம் படியைப் பற்றிக் கேள்வி 14-இல் சொல்கிறோம்.

2. அப்போ எதையெல்லாம் அளக்கணும்?

இரண்டு பகுதி. முதலாவது தகவல். ஊசி போட்டதும் தாய்க்குச் சொல்ல வேண்டிய நான்கு செய்திகளை நம் தேசியத் தடுப்பூசித் திட்டமே வகுத்து வைத்திருக்கிறது: என்ன ஊசி, அது எந்த நோயைத் தடுக்கும்; அடுத்து எப்போது, எங்கே வர வேண்டும்; என்ன சிறு தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது; தாய் சேய் நல அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அடுத்த முறை எடுத்து வருவது. இதோடு அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது உரையாடல். இதில் ஏழு செயல்களைப் பார்த்தால் போதும்: பெயர் சொல்லி அறிமுகம், தாய்க்கு ஏற்கெனவே என்ன தெரியும், என்ன கவலை என்று கேட்பது, இடையில் புகாமல் கேட்டு முடிப்பது, அந்தக் கவலையைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி ஏற்பது, அந்தக் கவலைக்கு மட்டும் பதில், போட்டுக்கொள்வது நல்லது என்று தயங்காமல் தெளிவாகப் பரிந்துரைப்பது, கடைசியில் தாய் என்ன புரிந்துகொண்டார் என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்பது. 20 மார்க் என்றால் தகவலுக்கு 8, உரையாடலுக்கு 12 வையுங்கள். தலைகீழாக வைத்தால் ஒப்பிக்கிற மாணவர் முதலிடம் வருவார்.

3. ஒரு ஸ்டேஷனுக்கு என்னென்ன வேணும்? எவ்வளவு நேரம்?

வாசலில் ஒட்டும் குறிப்பை வாசிக்கவும் இடம் மாறவும் 2 நிமிடம், உள்ளே 8 நிமிடம், ஆக 10. ஐந்து நிமிட ஸ்டேஷன் இதற்குப் பற்றாது. தாயின் கவலை வெளியே வருவதற்கே மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் மணி அடித்துவிட்டால் தகவல் பகுதியை மட்டும் அளந்திருப்பீர்கள்.

பொருட்கள் அதிகம் வேண்டாம். இரண்டு நாற்காலி எதிரெதிராக இல்லாமல் சற்றுச் சாய்வாக, நடுவில் மேசை கூடாது. துணியில் சுற்றிய பொம்மைக் குழந்தை. நிஜத் தாய் சேய் நல அட்டை ஒன்று, பிறந்த தேதியும் முன்பு போட்ட ஊசிகளும் நிரப்பியது. இந்த அட்டையில்தான் பலர் தவறுவார்கள்: தேர்வு நாளுக்கும் பிறந்த தேதிக்கும் கணக்கு ஒத்துப்போகாது. 10-ஆவது வார ஊசிக்கான கதை என்றால் குழந்தைக்கு அன்று 10 வாரம் முடிந்திருக்க வேண்டும், 6-ஆவது வார ஊசிகள் அட்டையில் பதிவாகியிருக்க வேண்டும். தேர்வைத் தள்ளிவைத்தால் அட்டையையும் மாற்றி எழுதுங்கள்.

வாசல் குறிப்பு நான்கு வரியைத் தாண்டக் கூடாது. "தாய்க்குத் தயக்கம் இருக்கிறது" என்று அதில் எழுதிவிடாதீர்கள். தயக்கம் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே பாதித் தேர்வு.

4. தாயா யார் நடிக்கிறது? கூடப் படிக்கிற பிள்ளைங்களையே உட்கார வைக்கலாமா?

பயிற்சிக்கு வைக்கலாம், மார்க் போடும் தேர்வுக்கு வேண்டாம். நண்பர் தடுமாறினால் துப்பு கொடுப்பார்கள், அவர்கள் பேச்சிலும் பாடப்புத்தக வாசனை வரும். மருத்துவமனைப் பணியாளர்கள், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்கள், உள்ளூர் நாடகக் குழுவினர் நன்றாகச் செய்வார்கள். இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு அமர்வுப் பயிற்சி தேவை. முதல் அமர்வில் கதையும் எல்லைகளும், இரண்டாவதில் நல்ல மாணவர், சுமாரான மாணவர், சிடுசிடுக்கும் மாணவர் என மூவரிடம் ஒத்திகை.

கதையை மூன்று அடுக்காக எழுதிக் கொடுங்கள். 10-ஆவது வாரப் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி) கதையை எடுத்துக்கொள்வோம். முதல் அடுக்கு, தானாகச் சொல்வது: "இன்னிக்கு வேணாங்க, அடுத்த வாரம் வரேன்." இரண்டாம் அடுக்கு, ஏன் என்று பொறுமையாகக் கேட்டால் மட்டும் சொல்வது: "போன தடவை ராத்திரி பூரா காய்ச்சல், தொடை வீங்கிப்போச்சு." மூன்றாம் அடுக்கு, அந்தக் கவலையை மாணவர் ஏற்றுக்கொண்ட பிறகே வருவது: "மாமியார்தான் இனிமே ஊசியே வேணாம்னு சொல்லி அனுப்பிச்சாங்க."

நான்காவதாக ஒரு கட்டளையும் உண்டு. மாணவர் இடைவிடாமல் சொற்பொழிவு ஆற்றினால் நடிப்பவர் தலையாட்டி "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். டாக்டரிடம் நம் ஊரில் "சரிங்க" என்றால் பல நேரம் "போதும் விடுங்க" என்றே பொருள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுந்துவிடும் மாணவரை இந்த ஒரு கட்டளை காட்டிக்கொடுத்துவிடும்.

5. செக்லிஸ்ட் நல்லதா, ஒட்டுமொத்தமா ஒரு மார்க் போடறது நல்லதா?

இரண்டும் வேண்டும். நான்கு செய்திகள் போன்ற தகவலுக்குச் சொன்னார், சொல்லவில்லை என்ற செக்லிஸ்ட் கச்சிதமாகப் பொருந்தும். உரையாடலுக்கு அது ஒத்துவராது. "கவலையைக் கேட்டார்" என்று ஒரு வரி வைத்தால், "ஏதாவது டவுட் இருக்கா? இல்லையே? சரி" என்று ஒரே மூச்சில் முடிப்பவருக்கும் டிக் விழும்.

ஆகவே உரையாடல் செயல்களுக்கு 0, 1, 2 என்று மூன்று தரம் வைத்து, தாளின் அடியில் 1 முதல் 5 வரை ஒட்டுமொத்த மதிப்பு ஒன்றும் கேளுங்கள் (1 தேறவில்லை, 2 எல்லைக்கோட்டில், 3 தேறினார், 4 நன்று, 5 மிக நன்று). மேலே போட்ட மார்க்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு அதை நிரப்பக் கூடாது. மாணவர் வெளியேறியதும் முதலில் இதை நிரப்புவது நல்லது. பாஸ் மார்க் கணக்கிட இது வேண்டியிருக்கும் (கேள்வி 7).

6. 'பரிவா பேசினார்'ங்கறதுக்கு ஆளுக்கு ஆள் மார்க் மாறாதா?

மாறும், "பரிவு" என்று மட்டும் எழுதிவைத்தால். ஒவ்வொரு தரத்துக்கும் காதில் விழக்கூடிய ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். கவலையை ஏற்பது என்ற வரிக்கு: 0 என்றால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா". 1 என்றால் "காய்ச்சல் வர்றது சகஜம்தான்". 2 என்றால் "ராத்திரி பூரா தூங்காம பாத்துக்கிட்டீங்க, மறுபடி அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு, இல்லீங்களா?" மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

தேர்வுக்கு முன் மதிப்பீட்டாளர்கள் எல்லோரும் சேர்ந்து மூன்று வீடியோக்களுக்குத் தனித்தனியாக மார்க் போட்டு ஒப்பிட வேண்டும். 20-க்கு 2 மார்க்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் எந்த வரியில் பிரிந்தார்கள் என்று பார்த்து வாக்கியத்தைத் திருத்துங்கள். ஆளைத் திருத்த முயல்வது வீண் வேலை.

6அ. ரெண்டு பேரும் 90 சதவீதம் ஒத்துப்போறாங்க, ஆனா கப்பா பூஜ்யத்துக்கும் கீழ வருதே, கணக்கு தப்பா?

கணக்கு சரிதான், வரிதான் தப்பு. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு, இரு மதிப்பீட்டாளர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் எண்தான் கப்பா. 50 மாணவர்களில் "வணக்கம் சொன்னார்" என்பதற்கு இருவரும் ஆம் போட்டது 45 பேருக்கு, முதலாமவர் மட்டும் ஆம் என்றது 3 பேருக்கு, இரண்டாமவர் மட்டும் ஆம் என்றது 2 பேருக்கு என்று வையுங்கள். ஒத்துப்போனது 90 சதவீதம். ஆனால் ஏறக்குறைய எல்லோருக்கும் ஆம் போடுகிற இருவர் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 90.5 சதவீதம் ஒத்துப்போகும். அதனால் கப்பா −0.05. எல்லோரும் செய்துவிடுகிற ஒன்றை வைத்து யாரையும் பிரித்தறிய முடியாது. அந்த வரியை எடுத்துவிடலாம்.

7. பாஸ் மார்க் 50 சதவீதம்னு வச்சா ஆகாதா?

ஸ்டேஷன் கடினமாக இருந்தால் 50 சதவீதம் அநியாயம், எளிதாக இருந்தால் சலுகை. எல்லைக்கோட்டுப் பின்னோக்கு முறை என்று ஒன்று உண்டு, எக்செல் போதும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒட்டுமொத்த மதிப்பை (1 முதல் 5) கிடை அச்சிலும், 20-க்கு எடுத்த மார்க்கை நிலை அச்சிலும் வைத்து நேர்கோடு பொருத்துங்கள். அந்தக் கோட்டில் 2 என்ற இடத்துக்கு நேராக வரும் மார்க்தான் தேர்ச்சி எல்லை. உதாரணமாக, கோடு 5.5-இல் தொடங்கி ஒவ்வொரு தரத்துக்கும் 2.8 ஏறுகிறது என்றால் எல்லை 5.5 + (2 × 2.8) = 11.1.

இருபது, முப்பது மாணவர்கள் மட்டுமே இருந்தால் இந்தக் கோடு ஆடும். அப்போது தேர்வுக்கு முன்பே ஐந்தாறு ஆசிரியர்கள் உட்கார்ந்து, "தட்டித் தடுமாறித் தேறுகிற மாணவர் இந்த வரியில் எவ்வளவு வாங்குவார்?" என்று வரி வரியாகக் கணித்துச் சராசரி எடுப்பது மேல். கோடு மேல்நோக்கி ஏறாமல் படுத்துக்கிடந்தால், மார்க் தாளும் மதிப்பீட்டாளர் மனசும் வெவ்வேறு விஷயத்தை அளக்கின்றன. தாளைத் திருத்தாமல் முடிவை வெளியிட வேண்டாம்.

8. கடைசியில தாய் ஊசிக்குச் சம்மதிச்சா முழு மார்க், இல்லன்னா பூஜ்யம். இது நேர்மையான அளவுகோல்தானே?

பார்வைக்கு நேர்மை, உள்ளே இரண்டு ஓட்டை. ஒன்று, சம்மதிப்பதும் மறுப்பதும் நடிப்பவர் கையில் இருக்கிறது. மாலை நான்கு மணிக்குச் சோர்ந்துபோன நடிகர் சீக்கிரம் சம்மதித்துவிடுவார். இரண்டு, மிரட்டியும் சம்மதம் வாங்கலாம். "பிள்ளைக்கு ஏதாவது ஆனா நாங்க பொறுப்பில்ல" என்று சொன்னால் தாய் குழந்தையை நீட்டிவிடுவார், 14-ஆவது வாரத்துக்கு வர மாட்டார்.

மறுப்போடு முடியும் கதை ஒன்றாவது வைத்திருங்கள். அதில் பார்க்க வேண்டியது: கோபப்படாமல், கதவைச் சாத்தாமல் முடித்தாரா? எந்த அறிகுறி வந்தால் உடனே தூக்கி வர வேண்டும் என்று சொன்னாரா? மறுபடி பேச நாளும் ஆளும் குறித்தாரா? "வீட்ல கேட்டுட்டு வாங்க, மாமியாரையும் கூட்டிட்டு வாங்க, வெள்ளிக்கிழமை நான் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லி அனுப்பியவர் முழு மார்க் வாங்கலாம்.

9. 'இன்னிக்கு ரெண்டாவது தவணை ஊசி, போட்டுடலாம்'னு ஆரம்பிக்கறதா, 'ஊசி போட்டுக்கறீங்களா?'ன்னு கேக்கறதா? எதுக்கு மார்க்?

இதற்கு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் டக்ளஸ் ஓபெல் குழுவினர் 111 தடுப்பூசி உரையாடல்களை வீடியோவில் பதிந்து 2013-இல் வெளியிட்டார்கள். போடப்போவதாகவே பேச்சைத் தொடங்கியபோது 26 சதவீதப் பெற்றோர் எதிர்ப்புக் காட்டினார்கள். "என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" என்ற பாணியில் தொடங்கியபோது 83 சதவீதம். எனவே தெளிவான பரிந்துரையோடு தொடங்குபவருக்கு மார்க் குறைக்காதீர்கள். 'கேட்டுத்தான் தொடங்க வேண்டும்' என்று செக்லிஸ்டில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

இதைச் சாக்காக வைத்துப் பேச்சே இல்லாமல் ஊசியை எடுப்பதும் நடக்கிறது. அதே குழுவின் பிந்தைய ஆய்வில், நேராகத் தொடங்கிய சந்திப்புகளில் ஏற்பு அதிகமாக இருந்தாலும் சந்திப்பைப் பற்றிய பெற்றோரின் திருப்தி குறைந்திருந்தது. அதோடு அது வேறு நாட்டு ஆய்வு. நம் பக்கத்தில் எதிர்ப்பு வாயில் வராது, "சரிங்க" என்று வரும் (கேள்வி 4). தெளிவாகத் தொடங்கி, ஒரு மூச்சு நிறுத்தி, தாயின் முகத்தைப் பார்த்தாரா என்பதே மார்க் வரி.

10. ஊக்க நேர்காணல் முறைக்கு மிட்டி அளவுகோல் இருக்காமே, அதையே போடலாமா?

வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் வளர்த்த ஊக்க நேர்காணலுக்கான (மாறுவதற்கான காரணத்தை எதிரில் இருப்பவர் வாயாலேயே வரவழைக்கும் பேச்சு முறை) மிட்டி, ஒலிப்பதிவைக் கேட்டு ஒவ்வொரு வாக்கியத்தையும் குறியிடும் முறை. 20 நிமிடப் பகுதிக்காக உருவாக்கியது அது. 8 நிமிட ஸ்டேஷனில் அப்படியே வைத்தால் எண்ணிக்கைக்கு அர்த்தம் இருக்காது, குறியிடுபவருக்கும் தனிப் பயிற்சி தேவை.

அதிலிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கலாம்: கேள்விக்கும் பிரதிபலிப்புக்கும் உள்ள விகிதம். மாணவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தாய் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் ஒரு வாக்கியமாவது இருந்தால் (1:1) சுமார், இரண்டு இருந்தால் நன்று என்பது மிட்டியின் அளவு. பயிற்சி வகுப்பில் பக்கத்து மாணவர் கையில் தாளைக் கொடுத்துக் கோடு போடச் சொல்லுங்கள். முதல் தடவை பெரும்பாலும் கேள்வி ஏழு, பிரதிபலிப்பு பூஜ்யம் என்று வரும். தமிழில் குரல் ஏற்ற இறக்கமே கேள்வியா பிரதிபலிப்பா என்று தீர்மானிக்கும்: "பயமா இருக்குங்கறீங்க" என்று இறக்கி முடித்தால் பிரதிபலிப்பு, "பயமா இருக்குங்கறீங்களா?" என்று ஏற்றினால் கேள்வி. எழுத்துப் படியை வைத்துக் குறியிட்டால் இது தொலைந்துபோகும், ஒலியையே கேளுங்கள்.

11. அன்பா பேசினாரு, ஆனா சொன்ன தகவல் தப்பு. மார்க் எப்படி?

சில தவறுகளுக்குத் தனி எல்லை வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தாலும், மற்ற மார்க் எவ்வளவு இருந்தாலும் அந்த ஸ்டேஷனில் தேர்ச்சி இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்: "ஊசி போட்டா எதுவுமே ஆகாது" என்று உறுதி கூறுவது; வலிப்பு, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை, குழந்தை துவண்டு போவது ஆகியவற்றுக்கு "வீட்டிலேயே பாத்துக்கலாம்" என்பது; லேசான சளி, இருமல் இருக்கிறது என்று ஊசியைத் தள்ளிப்போடுவது; முந்தைய தவணையில் கடுமையான ஒவ்வாமை வந்ததாகத் தாய் சொல்லியும் பொருட்படுத்தாமல் போவது.

முதல் தவறைச் சின்னது என்று நினைக்கிறார்கள். பென்டாவேலன்ட் போட்ட அன்று காய்ச்சலும் வீக்கமும் வருவது சகஜம். காசநோய்க்கான பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரம் கழித்துக் கட்டியாகி, உடைந்து, தழும்பாகும். தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலும் தடிப்பும் வரலாம். "ஒண்ணும் ஆகாது" என்று கேட்டுப் போன தாய் இதில் ஒன்றைப் பார்த்ததும் மொத்தத்தையும் நம்பாமல் விட்டுவிடுவார்.

12. 'விவேக் ஊசி போட்ட மூணாம் நாளே போயிட்டாரே'ன்னு நடிக்கிறவங்க கேட்டா மாணவர் என்ன சொல்லணும்? இதெல்லாம் தேர்வுல வைக்கலாமா?

வைக்க வேண்டும், ஏனென்றால் வெளியே கேட்கிறார்கள். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கோவிட் ஊசி போட்டுக்கொண்டார், 17 அன்று மாரடைப்பால் இறந்தார். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அதை விசாரித்து, ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று சொன்னது. மாணவர் இதை முதல் வாக்கியமாக எடுத்து வீசினால் 1 மார்க். "அந்த நேரத்துல எல்லாருக்குமே திக்குனு இருந்துச்சு" என்று தொடங்கி, பிறகு விசாரணை முடிவைச் சொல்லி, இந்தக் குழந்தைக்கான ஊசிக்கு வந்து சேர்ந்தால் 2.

உண்மையாகவே நடந்த பாதிப்பைப் பற்றிய கேள்வி இன்னும் கடினம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பக்கத்துப் பாட்டிமார்களுக்கு அது மறக்கவில்லை. "அப்படி எதுவும் நடக்கல" என்பவருக்கு 0. நடந்ததை ஒப்புக்கொண்டு, இன்று கண்முன் பார்க்கக்கூடியதைக் காட்டுபவருக்கு 2: உங்கள் எதிரிலேயே பிரிக்கும் புது சிரிஞ்ச், கரைத்த நேரம் எழுதிய குப்பி, அது நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் கொட்டப்படும் என்பது, அரை மணி நேரம் இங்கேயே உட்காரச் சொல்வதன் காரணம்.

13. இங்கிலீஷ்லயே படிச்ச பசங்க, தமிழ்ல தடுமாறறாங்க. அதுக்கும் மார்க் குறைக்கணுமா?

தடுமாற்றத்துக்குக் குறைக்காதீர்கள், புரியாத சொல்லுக்குக் குறையுங்கள். "ஆன்டிபாடி", "இம்யூனிட்டி டெவலப் ஆகும்", "அட்வர்ஸ் ஈவென்ட்" என்று விளக்கமில்லாமல் வந்தவற்றை எண்ணி, மூன்றுக்கு மேல் போனால் மொழி வரியில் 0. "காய்ச்சல், வீக்கம்" என்று சொன்னால் தீர்ந்தது. கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, இளம்பிள்ளை வாதம் ஆகிய பெயர்களை மாணவர்கள் முன்கூட்டிக் கற்றுக்கொள்ள வேண்டும். அதே சமயம் இளம் தாய்மார் பலருக்கு "போலியோ" என்றால்தான் புரியும், இளம்பிள்ளை வாதம் என்றால் விழிப்பார்கள். தூய தமிழுக்கு மார்க் இல்லை, எதிரில் இருப்பவருக்குப் புரிந்த சொல்லுக்குத்தான்.

கவனிக்க வேண்டிய சொல் "அம்மை". தட்டம்மை-ரூபெல்லா ஊசியை "அம்மை ஊசி" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், ஆறு மாதம் கழித்துக் குழந்தைக்குச் சின்னம்மை வரும்போது "ஊசி போட்டும் அம்மை வந்துடுச்சே" என்று அந்தத் தெருவே பேசும். தட்டம்மை என்று முழுப் பெயர் சொல்லி, ஊர் வழக்கில் மணல்வாரி என்றால் அதையும் சொல்லி, சின்னம்மைக்கு இது இல்லை என்று சொல்பவருக்கு ஒரு மார்க் கூடுதலாகவே கொடுக்கலாம். "அம்மா வந்திருக்கா" என்று பாட்டி சொல்லும்போது சிரிப்பவருக்கு மரியாதை வரியில் 0.

14. நிஜமான புதன்கிழமை கிளினிக்ல எப்படி அளக்கறது? பக்கத்துல நின்னா நல்லாப் பேசறான், தள்ளிப்போனா பழைய குணம்.

அதுதான் மில்லர் சொன்ன நான்காம் படியின் (கேள்வி 1) சிக்கல். ஒரே தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். மினி-சி.இ.எக்ஸ். (Mini-CEX) என்ற முறையில் ஆசிரியர் பக்கத்தில் இருந்து 15, 20 நிமிடம் பார்த்து, ஒரு பக்கத் தாளில் மதிப்பிட்டு, அங்கேயே பின்னூட்டம் சொல்வார். வெவ்வேறு ஆசிரியர்கள், வெவ்வேறு நாட்களில், நான்கு முறையாவது செய்தால் நடிப்பு குறைந்து வழக்கம் வெளியே வரும்.

இன்னொரு வழி, தாயிடமே கேட்பது. ஊசி போட்டபின் காத்திருக்கும் அரை மணி நேரம் இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. மாணவரைத் தெரியாத ஒருவர் உட்கார்ந்து ஐந்து கேள்வி கேட்கலாம்: இன்று என்ன ஊசி போட்டார்கள், எதற்காக? அடுத்து எப்போது வரணும்? ராத்திரி காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? எது வந்தால் உடனே தூக்கிவருவீர்கள்? கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா? ஐந்தாவது கேள்விக்கு வரும் பதில்தான் தங்கம். தாயின் சம்மதம் கேளுங்கள், பெயர் எழுதாதீர்கள், பதில் எதுவானாலும் குழந்தையின் சிகிச்சைக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஒலி, ஒளிப்பதிவு என்றால் நெறிமுறைக் குழு அனுமதியும் எழுத்துச் சம்மதமும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

15. ஒரே ஸ்டேஷன் நல்லா வச்சாப் போதாதா?

போதாது. ஒரு கதையில் அருமையாகப் பேசியவர் இன்னொன்றில் சொதப்புவது ஆஸ்கியில் நன்றாகத் தெரிந்த உண்மை. காய்ச்சலுக்குப் பயந்த தாயிடம் சமாளித்தவர், "ஒரே நாள்ல மூணு ஊசியா?" என்று 14-ஆவது வாரத்தில் கேட்கும் அப்பாவிடம் திணறலாம். கர்ப்பிணிக்கு டி.டி. (Td: ரண ஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசி, 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப்பில் பார்த்ததை இன்னும் நம்பும் அப்பா, பதிமூன்று வயது மகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி எதற்கு என்று கூசும் தாய் என்று கவலையின் வகையை மாற்றுங்கள். ஒரு தேர்வில் இரண்டு, பருவம் முழுவதும் சேர்த்து ஐந்தாறு என்று பிரித்துக்கொண்டால் சுமை தெரியாது.

16. எங்க பேட்ச்ல 100 பேர். இதெல்லாம் நடக்கற காரியமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து ஸ்டேஷன் சுற்று ஒன்று, ஸ்டேஷனுக்கு 10 நிமிடம். ஒரே சுற்றில் 100 பேர் முடிய (100 + 4) × 10 = 1,040 நிமிடம், பதினேழு மணி நேரத்துக்கு மேல். மூன்று சுற்று ஒரே சமயத்தில் ஓடினால் சுற்றுக்கு 34 பேர், (34 + 4) × 10 = 380 நிமிடம், ஆறு மணி இருபது நிமிடம். ஐந்தில் இரண்டு மட்டும் உரையாடல் ஸ்டேஷன் என்றால் ஆறு நடிகர்கள், மாற்று ஆள் மூன்று பேர். ஒருவர் தொடர்ந்து பத்துத் தடவைக்கு மேல் அதே தாயாக நடித்தால் வசனம் ஓடத் தொடங்கிவிடும், அங்கே மாற்றிவிடுங்கள். ஹவுஸ் சர்ஜன்கள் பிரிவு பிரிவாக வருவதால் அவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

17. பயிற்சிக்கு முன்னும் பின்னும் 'உங்க தன்னம்பிக்கை எவ்வளவு?'ன்னு கேட்டோம், 5-க்கு 2.8-லருந்து 4.3 ஆச்சு. பயிற்சி ஜெயிச்சதுதானே?

மாணவர்களுக்கு வகுப்பு பிடித்திருந்தது என்று மட்டும் சொல்லலாம். தன்னம்பிக்கை ஏறுவதும் திறமை ஏறுவதும் எப்போதும் கைகோத்துப் போவதில்லை. சில நேரம் நேர்மாறாகவும் போகும்: பயிற்சிக்கு முன் "நான் நன்றாகவே பேசுவேன்" என்று 4 போட்டவர், தன் வீடியோவைப் பார்த்தபின் 3 போடுவார். அளவுகோலைப் பற்றிய அவர் புரிதலே மாறிவிட்டது. இதைச் சமாளிக்கப் பயிற்சிக்குப் பிறகு ஒரே தாளில் "இன்று எப்படி, வகுப்புக்கு முன் எப்படி இருந்தேன்" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம்.

முறையாகச் சொல்ல வேண்டுமானால் இரண்டு குழு வேண்டும். ஒன்று பயிற்சி பெற்றது, மற்றது அடுத்த மாதம் பெறப்போவது. இருவருக்கும் ஒரே ஸ்டேஷன், யார் எந்தக் குழு என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது. முன் தேர்வுக்கும் பின் தேர்வுக்கும் ஒரே கதையை வைத்தால் விடுதியில் அன்றிரவே கசிந்துவிடும், சம கடினமுள்ள இரண்டு கதை வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு தடவை பார்க்காமல் "பயன் தந்தது" என்று எழுதாதீர்கள்.

18. மாணவருக்கே தடுப்பூசியில சந்தேகம் இருந்தா? அதையும் மார்க்கில் பிடிக்கலாமா?

மார்க்கில் பிடித்தால் அடுத்த வருடம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், சந்தேகம் மட்டும் அப்படியே இருக்கும். மனதில் என்ன இருக்கிறது என்பதைத் தனியாக, பெயரில்லாத தாளில் பயிற்சியின் தொடக்கத்தில் கேளுங்கள். எந்தச் சந்தேகம் அதிகம் வருகிறதோ அதற்கு வகுப்பில் நேரம் ஒதுக்குங்கள். ஸ்டேஷனில் பார்க்க வேண்டியது பரிந்துரை வாக்கியத்தை மட்டும். "கவர்மென்ட்ல போடச் சொல்லிருக்காங்க, அதான்" என்று தோளைக் குலுக்குபவருக்கு அந்த வரியில் 0. அது நம்பிக்கைக் குறைவா, பழக்கக் குறைவா என்று தேர்வு முடிந்தபின் தனியே உட்கார்ந்து கேட்டால் தெரிந்துவிடும்.

19. தேறாதவங்களை என்ன பண்றது? மறுபடி அதே தேர்வா?

அவர் மார்க் தாளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். தகவலில் விழுந்தவருக்கு அட்டவணையும் நான்கு செய்திகளும் ஒரு மாலையில் சரியாகும். உரையாடலில் விழுந்தவருக்குப் புத்தகம் உதவாது. இரண்டு புதன்கிழமை கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாயே திறக்காமல், தாய்மார் சொன்ன கவலைகளை அவர்கள் சொன்ன சொல்லிலேயே பத்து எழுதி வரச் சொல்லுங்கள். மூன்றாவது புதன் அவர் பேசட்டும், செவிலியர் கேட்கட்டும். மறுதேர்வுக்கு வேறு கதை வையுங்கள். அந்தப் பத்துக் கவலைகளில் ஒன்றையே கதையாக்கினால் இன்னும் நல்லது.